தசைச்சிதைவு உள்ள தம்பிக்கு நிரல்படுத்தக்கூடிய விசைப்பலகை: எதை வாங்குவது, எப்படி அமைப்பது, கணக்கு முடக்கப்படுமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்காக இதைக் கேட்கிறேன். அவனுக்கு வயது 19. டுஷேன் தசைச்சிதைவு நோய் உள்ளவன். சில ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். தோளையும் மேற்கையையும் அவனால் தூக்க இயலாது. ஆனால் முன்கையை நாற்காலிப் பலகையின் மேல் நாங்கள் எடுத்து வைத்துவிட்டால் விரல்கள் நன்றாகவே இயங்குகின்றன. இடது கை விரல்கள் ஒரு விசையின் அகலத்துக்கு இப்பக்கமும் அப்பக்கமும் போய்வரும். அதற்கு மேல் எட்ட வேண்டுமென்றால் கையையே நகர்த்த வேண்டும். அதற்கு யாராவது பக்கத்தில் இருந்தாக வேண்டும். வலது கையில் மவுஸ். அதன் உணர்திறனை மிக உயர்த்தி வைத்திருப்பதால் மணிக்கட்டின் சிறு அசைவிலேயே திரை முழுவதும் சுட்டியைக் கொண்டுபோகிறான்.

அவன் விளையாடுவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். ஐந்து பேர் குழுவில் அவன்தான் ஹீலர், அதாவது மற்றவர்களுக்குச் சிகிச்சை தந்து உயிரோடு வைத்திருப்பவன். அவன் ஒரு விசையைத் தவறவிட்டால் மற்ற நால்வரும் சேர்ந்தே வீழ்கிறார்கள். சுலபமான வேறு பாத்திரத்துக்கு மாறிக்கொள்ளேன் என்று நான் சொன்னபோது அவன் உறுதியாக மறுத்துவிட்டான். அவனுக்குப் பிடித்த வேலை அதுதான்.

சிக்கல்கள் இவை. 1 முதல் 5 வரையுள்ள எண் விசைகள்தான் அவனுக்கு எட்டுகின்றன. ஹீலருக்கு அதைப்போல் மூன்று மடங்காவது தேவைப்படுகிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே இன்னொரு விசையை அழுத்துவது இயலவே இயலாது. நடப்பதற்கு டபிள்யூ விசையை அழுத்திப் பிடித்தால் சிறிது நேரத்திலேயே விரல் சோர்ந்துவிடுகிறது. விசையிலிருந்து விரலை எடுப்பதும் மெதுவாகத்தான் நடக்கிறது, அதனால் சில சமயம் ஒரே விசை இரண்டு முறை பதிவாகிறது.

கேமிங் விசைப்பலகை என்று சொல்லிக் கடையில் ஒன்றை வாங்கினோம். விசைகள் கடினமாக இருந்தன. அதோடு, நாம் செய்த மாற்றங்கள் எல்லாம் கணினியில் ஓடும் மென்பொருளுக்குள்தான் இருந்தன. அந்த மென்பொருள் நின்றால் அது மீண்டும் சாதாரண விசைப்பலகையாகிவிடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

எதை வாங்கலாம், எப்படி அமைக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இன்னொன்று, தம்பியின் பெரிய அச்சமே அதுதான்: இப்படிப்பட்ட கருவியைப் பயன்படுத்தினால் ஏமாற்று என்று கருதிக் கணக்கை முடக்கிவிடுவார்களா?

—

விசைக்கம்மியர் எழுதியது:

வணக்கம் சகோதரி. விசைப்பலகைகளை நானே கோத்துக் கட்டுவது என் பொழுதுபோக்கு. உடல் இயலாமை உள்ள சிலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். உங்கள் தம்பியின் நிலையை நீங்கள் விவரித்திருக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. கை நகராது, விரல் நகரும். ஆகவே விரல் விசையைத் தேடிப் போகக் கூடாது, எல்லா விசைகளும் விரலடிக்கு வர வேண்டும். முழு அளவு விசைப்பலகை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அவருக்குப் பயன்படாது.

இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும் சிறிய விசைப்பலகைகள் இருக்கின்றன. அவற்றில் கார்னே என்பது பலரும் அறிந்தது. மொத்தம் 42 விசைகள், ஒரு பாதியில் 21. ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி கட்டுப்பாட்டுச் சில்லு இருப்பதால் இடது பாதியை மட்டும் யூஎஸ்பியில் செருகிப் பயன்படுத்தலாம். கட்டைவிரலுக்கு மூன்று விசைகள் தனியாக இருப்பது உங்கள் தம்பிக்கு மிக முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன். ஒவ்வொரு விசைக்கும் அடியில் அழுத்தத்தைப் பதிவு செய்யும் சுவிட்ச் ஒன்று இருக்கும்; இதிலேயே தாழ்ந்த உயரமுள்ள சாக் வகைச் சுவிட்சுகள் பொருந்தும் வகையும் உண்டு. சாதாரண விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மி.மீ. இருக்கும். சாக் சுவிட்சுகளுக்கென வடிவமைத்த சில பலகைகளில் மேலிருந்து கீழாக அது 17 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். 2 மி.மீ. நமக்கு ஒன்றுமில்லை, ஒரு விசை அகலமே எல்லை என்று இருப்பவருக்கு அது ஒரு வரிசை விசை எட்டுவதற்கும் எட்டாமல் போவதற்கும் உள்ள இடைவெளி.

நீங்கள் திருப்பிக் கொடுத்த விசைப்பலகையின் குறை இதில் வராது. கியூஎம்கே என்ற திறமூல ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதியும் மென்பொருள்) விசைப்பலகைக்குள்ளேயே ஓடுகிறது. எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பது அதன் நினைவகத்தில் பதிந்திருக்கும். எந்தக் கணினியில் செருகினாலும் அப்படியே வேலை செய்யும், கணினியின் பார்வையில் அது ஒரு சாதாரண யூஎஸ்பி விசைப்பலகைதான். அமைப்புகளை மாற்றுவதற்கு வையல் என்ற செயலி இருக்கிறது. திரையில் தெரியும் விசைப்பலகைப் படத்தில் ஒரு விசையைக் கிளிக் செய்து, கீழே உள்ள பட்டியலிலிருந்து புதிய வேலையைக் கிளிக் செய்தால் அந்தக் கணமே மாறிவிடும். இதை முழுவதும் மவுஸால் செய்யலாம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் தம்பி தன் விசைகளைத் தானே மாற்றிக்கொள்ளலாம், உங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி லேயர்கள், அதாவது அடுக்குகள். ஒரே விசைக்கு வெவ்வேறு லேயரில் வெவ்வேறு வேலை கொடுக்கலாம். பெரும்பாலான வழிகாட்டிகள் லேயர் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை அழுத்தச் சொல்லும். அது உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. அவருக்கு வேண்டியது ஒன்ஷாட் லேயர். கட்டைவிரலால் ஒரு முறை தட்டி எடுத்துவிட வேண்டும். அடுத்து அழுத்தும் ஒரே ஒரு விசைக்கு மட்டும் இரண்டாவது லேயர் செல்லுபடியாகும், பிறகு தானாகவே முதல் லேயருக்குத் திரும்பிவிடும். ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றையும் இதே முறையில் ஒன்ஷாட்டாக வைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு விரல் என்பது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தட்டு என்று ஆகிவிடுகிறது. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்கு மும்மூன்று விசைகள் என்று ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலும், கட்டைவிரலின் இரண்டு ஒன்ஷாட் விசைகளோடு சேர்த்து 27 வேலைகள் கிடைத்துவிடும். அடிக்கடி தேவைப்படும் ஒன்பது மட்டும் முதல் லேயரில் இருக்கட்டும்.

தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தட்டினால் ஒன்று, பிடித்தால் மற்றொன்று என்று ஒரே விசைக்கு இரண்டு வேலை கொடுக்கும் வசதியில், எது தட்டு எது பிடிப்பு என்பதைப் பொதுவாக 200 மில்லிவினாடியை எல்லையாக வைத்துத்தான் ஃபர்ம்வேர் முடிவு செய்கிறது. விரலை மெதுவாக எடுப்பவருடைய ஒவ்வொரு தட்டும் பிடிப்பாகவே பதிவாகும். வையலில் அந்த எல்லையை உயர்த்த முடியும் என்றாலும் அந்த வசதியையே விட்டுவிடுவது நல்லது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது வேலை நடக்கும் காம்போ வசதியும் வேண்டாம். அதற்கு வழக்கமாகத் தரப்படும் நேரம் 50 மில்லிவினாடி மட்டுமே.

இரட்டைப் பதிவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சுவிட்சின் உலோகத் தொடுமுனை அதிர்ந்து சில மில்லிவினாடிக்குள் இரண்டு முறை பதிவாவது ஒன்று. விரலே நடுங்கி இரண்டு முறை அழுத்துவது மற்றொன்று. முதலாவதைத் தடுக்கத்தான் டீபௌன்ஸ் என்ற கணக்கு இருக்கிறது. கியூஎம்கேயில் அது வழக்கமாக 5 மில்லிவினாடி. ஃபர்ம்வேரைத் தொகுக்கும்போது அதை 30, 40 என்று உயர்த்தலாம். ஒவ்வொரு அழுத்தமும் அந்த அளவு தாமதமாகும் என்பது உண்மை, ஆனால் இந்த விளையாட்டில் அது உணரப்படாது. விரல் நடுக்கமே காரணம் என்றால் டீபௌன்ஸை நம்பிப் பயனில்லை. விண்டோஸில் உள்ள ஃபில்டர் கீஸ் வசதி அதற்கென்றே ஏற்பட்டது. எல்லா விளையாட்டுகளிலும் அது எதிர்பார்த்தபடி வேலை செய்வதில்லை என்பதால் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

சுவிட்ச் தேர்வில் என் பரிந்துரை ஹால் எஃபெக்ட் வகை. காந்தத்தின் நெருக்கத்தை அளந்து வேலை செய்வதால், எவ்வளவு ஆழத்தில் அழுத்தம் பதிவாக வேண்டும் என்பதை விசைதோறும் மாற்றலாம். வூட்டிங் 60ஹெச்ஈ போன்றவற்றில் அது 0.1 முதல் 4.0 மி.மீ. வரை. ஆனால் அவை பெரும்பாலும் 60 விசைகளுக்கு மேற்பட்டவை என்பதால், சிறிய பலகையா தொட்டாலே பதிவாகும் சுவிட்சா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

—

கைத்திறன் எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது உடல் இயலாமை உள்ளவர்கள் அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர். தசைச்சிதைவு உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். மேலே எழுதியவர் கூறிய லேயர் அமைப்பு முற்றிலும் பொருத்தமானது. சுவிட்ச் விஷயத்தில் மட்டும் எனக்குச் சிறிது மாறுபட்ட கருத்து உண்டு.

டுஷேன் நோயில் உடலின் நடுப்பகுதிக்கு அருகிலுள்ள தசைகள் முதலில் வலுவிழக்கின்றன. இடுப்பும் தொடையும் தோளும் மேற்கையும் முன்னதாகப் போகும். விரல்கள் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் கையைத் தூக்க முடியாதவரும் விரலால் நுட்பமான வேலை செய்ய முடிகிறது. ஆனால் கையைத் தூக்க முடியாது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நாம் தட்டச்சு செய்யும்போது, அழுத்தாத விரல்களை விசைக்குச் சற்று மேலே நிறுத்தி வைத்திருக்கிறோம். அவருக்கு அது முடியாது. விரல்களின் எடை எந்நேரமும் விசைகளின் மேல்தான் இருக்கும். 0.1 மி.மீ.யில் பதிவாகும் சுவிட்சை வைத்தால் அவர் அழுத்த நினைக்காத விசையெல்லாம் பதிவாகும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சமையலறையில் பயன்படுத்தும் டிஜிட்டல் எடைத்தட்டு போதும். தம்பி வழக்கமாக விளையாடும் நிலையில் அமர்ந்து, முன்கைக்குத் தாங்கல் கொடுத்து, ஒவ்வொரு விரலையும் தட்டின் மேல் சும்மா வைக்கச் சொல்லி எத்தனை கிராம் காட்டுகிறது என்று குறியுங்கள். பிறகு, சிரமமில்லாமல் அழுத்தச் சொல்லி அதையும் குறியுங்கள். முழு பலத்தையும் காட்டச் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு இரண்டையும் மீண்டும் அளவெடுங்கள். சும்மா வைத்த எடைக்கு மேலேயும் சோர்ந்த பிறகு அழுத்திய எடைக்கு நன்றாகக் கீழேயும் இருக்கும் சுவிட்ச்தான் அந்த விரலுக்கு உரியது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் செர்ரி எம்எக்ஸ் சிவப்பு சுவிட்சுக்கு 45 கிராம் அளவுக்கும், கறுப்புக்கு 60 கிராம் அளவுக்கும் அழுத்தம் தேவை. 35 கிராம் அளவிலும் சுவிட்சுகள் விற்கின்றன. எல்லா விரலுக்கும் ஒரே சுவிட்ச் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சுவிட்சைச் சாலிடர் இல்லாமல் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் பலகையாகப் பார்த்து வாங்குங்கள். இது ஆடம்பரத்துக்காகச் சொல்வதில்லை. இன்று மோதிரவிரலுக்குச் சரியாக இருப்பது அடுத்த ஆண்டு கனமாகத் தோன்றலாம். அப்போது சுவிட்சை மாற்றினால் போதும், அல்லது அந்த விரலின் வேலையை வையலில் வேறு விரலுக்கு நகர்த்தினால் போதும். விசைப்பலகை அவருடைய கையோடு சேர்ந்து மாறிக்கொண்டே வர வேண்டும். அதற்காகத்தான் இந்தச் செலவையே செய்கிறோம்.

பலகையை வைக்கும் விதமும் முக்கியம். மணிக்கட்டு மேல்நோக்கி வளையாமல் முன்கையும் கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். விசைப்பலகையின் பின்புறக் கால்களை விரித்துச் சாய்க்கவே வேண்டாம். தாழ்ந்த உயரச் சுவிட்சுகளை நான் விரும்புவது இதனாலும்தான். பலகை நழுவாமலிருக்க நாற்காலிப் பலகையில் வழுக்காத விரிப்பு போடுங்கள். கை இருக்கும் இடத்தை ஒரு முறை சரிபார்த்தபின் அதைச் சுற்றி மறையாத மையால் கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் யார் எடுத்து வைத்தாலும் கை அதே இடத்தில் அமரும்.

சோர்வைத் தாண்டி விளையாட விடாதீர்கள். தசைச்சிதைவில், பயிற்சி செய்தால் வலு கூடும் என்ற எண்ணம் தவறு; அளவுக்கு மீறிய உழைப்பு தீங்கு செய்யும். விரல் நடுக்கம் அதிகமாகத் தெரிந்தால், விசைகளுக்கு மேல் துளையிட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைப் பொருத்தலாம். கையைத் தகட்டின் மேல் சாய்த்துக்கொண்டு துளை வழியாக விரலை இறக்கினால் பக்கத்து விசை தவறிப் பதிவாகாது. இப்போது உங்கள் தம்பிக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

—

ஒருகைவீரர் எழுதியது:

விபத்தில் வலது கையின் நரம்புத்தொகுதி அறுபட்டதால் நான் இடது கையால் மட்டுமே விளையாடுகிறேன். அதுவும் இதே விளையாட்டைத்தான். ஆகவே விதிகளைப் பற்றியும் விளையாட்டுக்குள்ளேயே உள்ள வசதிகளைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

தம்பியின் அச்சம் நியாயமானது. ஆனால் மேலே சொல்லப்பட்ட அமைப்பில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் பல காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல், ஒரு விசை அழுத்தத்துக்கு ஒரு செயல் என்பதே. எந்த விசை எங்கே இருக்கிறது, லேயரைத் தட்டி வந்ததா, ஷிஃப்டைப் பிடித்து வந்ததா என்பதெல்லாம் விளையாட்டுக்குப் பொருட்டில்லை. ஒரு முறை அழுத்தினால் இடைவெளி விட்டு நான்கு மந்திரங்கள் தாமாகவே வரிசையாகச் செல்லும்படி மேக்ரோ (ஒரு விசையில் பதிந்துவைக்கும் கட்டளைத் தொகுப்பு) அமைப்பதும், ஆள் இல்லாமலேயே அது ஓடிக்கொண்டிருப்பதும்தான் தவறு. 2020 நவம்பரில் பிளிசார்டு நிறுவனம், ஒரே அழுத்தத்தைப் பல கணக்குகளுக்கு அனுப்பும் மென்பொருட்களைத் தடை செய்தது. கியூஎம்கேயில் நேர இடைவெளியுடன் கூடிய மேக்ரோ எழுத முடியும் என்பது உண்மை. விசைப்பலகைக்குள் இருப்பதால் கணினிக்குத் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்கவே வேண்டாம். தெரியாமல் இருப்பது வேறு, அனுமதி இருப்பது வேறு. தம்பியின் பல ஆண்டு உழைப்பு அந்தக் கணக்கில் இருக்கிறது.

பிற விளையாட்டுகளுக்கும் இதே அமைப்பைக் கொண்டுபோக எண்ணினால் ஒவ்வொன்றின் விதியையும் தனியே படிக்க வேண்டும். 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் ஸ்னாப் டேப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. எதிரெதிர் திசை விசைகளில் கடைசியாக அழுத்தியதை மட்டும் ஏற்று முந்தையதைத் தானாக விடுவிப்பது அதன் வேலை. அடுத்த மாதமே வால்வ் நிறுவனம், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் தன் சொந்த சர்வர்களில் அப்படிப்பட்ட தானியக்கத்தைத் தடுத்து, பயன்படுத்துபவர்களை ஆட்டத்திலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. விரலை வேகமாக எடுக்க முடியாதவருக்கு அது உண்மையிலேயே உதவியாக இருந்திருக்கக்கூடிய வசதி. இயலாமையால் பயன்படுத்துபவரையும் ஆதாயத்துக்காகப் பயன்படுத்துபவரையும் அந்த விதி பிரித்துப் பார்ப்பதில்லை. இது எனக்கு இன்றும் வருத்தமே. ஆனாலும் விதி இருக்கும்வரை அந்த வசதியை அங்கே அணைத்துத்தான் வைக்க வேண்டும். விசைகளின் வேலையை மாற்றும் ஆட்டோஹாட்கீ போன்ற கணினி மென்பொருட்களைச் சில ஏமாற்றுத் தடுப்பு அமைப்புகள் சந்தேகத்தோடு பார்க்கும் என்பதால், மாற்றங்களை விசைப்பலகைக்குள் வைப்பது அந்த வகையிலும் நல்லது.

இனி, விசைப்பலகையைத் தொடும் முன்பே விளையாட்டுக்குள் குறைக்கக்கூடிய சுமைகளைக் குறைத்துவிடுங்கள். டபிள்யூ விசையைப் பிடிக்கத் தேவையே இல்லை. ஆட்டோரன் என்ற கட்டளை இருக்கிறது, வழக்கமாக நம்லாக் விசையில் இருக்கும். அதை எட்டும் விசைக்கு மாற்றிவிட்டால் ஒரு தட்டில் ஓடும், மறு தட்டில் நிற்கும். 2022 இறுதியில் வந்த டிராகன்ஃபிளைட் பதிப்பில் இன்டராக்ட் விசை சேர்க்கப்பட்டது. பக்கத்தில் உள்ளவரோடு பேசுவது, கிடப்பதை எடுப்பது எல்லாம் சுட்டியைக் குறிவைக்காமல் அந்த ஒரே விசையால் நடக்கும்.

ஹீலருக்கு மிகப் பெரிய உதவி மவுஸ்ஓவர் முறை. வழக்கமாக ஒருவரைக் கிளிக் செய்து தேர்ந்தெடுத்து, பிறகு மந்திர விசையை அழுத்த வேண்டும். மவுஸ்ஓவரை இயக்கினால், சுட்டி யாருடைய பெயர்ப்பட்டையின் மேல் நிற்கிறதோ அவருக்கே சிகிச்சை போய்ச் சேரும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு கிளிக் மிச்சம். ஒரு மாலை முழுவதும் விளையாடும் ஹீலருக்கு இந்த மிச்சம் எவ்வளவு பெரிது என்று உங்கள் தம்பிக்கு உடனே தெரிந்துவிடும். தரையில் இடம் பார்த்துப் போட வேண்டிய மந்திரங்களையும், சுட்டி நிற்கும் இடத்திலேயே விழும்படி விளையாட்டின் சொந்த மேக்ரோவால் மாற்றலாம். அந்த மேக்ரோ விளையாட்டுக்குள்ளேயே எழுதப்படுவது, முழுக்க அனுமதிக்கப்பட்டது.

அவசரம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான மந்திரங்களுக்கு இடையே அடிப்படையாக 1.5 வினாடி காத்திருப்பு இருக்கிறது. அது முடிவதற்கு 400 மில்லிவினாடி முன்பே அழுத்தினாலும் விளையாட்டு அதை வரிசையில் வைத்துக்கொண்டு உரிய நேரத்தில் ஏவிவிடும். பலரும் செய்வதுபோல் விசையைப் படபடவென்று தட்டுவது வீண் உழைப்பு. சற்று முன்னதாக ஒரே ஒரு அழுத்தம் போதும். நீங்கள் அஞ்சும் இரட்டைப் பதிவும் இதே காத்திருப்பினால் பெரும்பாலும் தீங்கில்லாமல் போய்விடும். ஒரு முறை தட்டினால் இயங்கி மறு முறை தட்டினால் அணையும் செயல்களில் மட்டும்தான் அது தொல்லை தரும். ஆட்டோரனும் அந்த வகைதான் என்பதால் அதை வலுவான விரலுக்குக் கொடுங்கள்.

2025இல் சிங்கிள் பட்டன் அசிஸ்டன்ட் என்ற வசதியும் வந்துள்ளது. ஒரே விசையை அழுத்திக்கொண்டிருந்தால் அடுத்துத் தகுந்த மந்திரத்தை விளையாட்டே தேர்ந்தெடுக்கும். அதற்கு ஈடாக மந்திரங்களுக்கு இடையே ஒரு சிறு தாமதம் சேர்க்கப்படுகிறது. தாக்குதலுக்கானது அது, யாருக்கு எப்போது சிகிச்சை என்பதை அது தீர்மானிக்காது. உங்கள் தம்பி விரும்புவது அந்தத் தீர்மானத்தைத்தான் என்பதால் அது அவருக்கு வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

—

பொருநைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மவுஸ்ஓவரையும் ஆட்டோரனையும் அன்றே மாற்றிக்கொண்டான். வேறெதுவும் வாங்காமலேயே பெரிய வித்தியாசம் தெரிகிறது.

தெரபிஸ்ட் அம்மா சொன்னபடி எடைத்தட்டிலும் அளந்தோம். ஆள்காட்டியும் நடுவிரலும் சும்மா வைத்தால் 20 கிராம் அளவு, சிரமமின்றி அழுத்தினால் 110. விளையாடிய பிறகு 75. மோதிரவிரல் சும்மா வைத்தால் 15, அழுத்தினால் 60, சோர்ந்த பிறகு 40 மட்டுமே. சுண்டுவிரலை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. கட்டைவிரல்தான் எல்லாவற்றிலும் வலுவாக இருக்கிறது, அதை அவனே எதிர்பார்க்கவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. குழுவினரோடு பேசும்போது, பேசுவதற்கு ஒரு விசையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. வீட்டுச் சத்தம் போகும் என்பதால் மைக்கை எப்போதும் திறந்து வைக்க அவன் விரும்பவில்லை. தலையை வலப்பக்கம் சிறிது சாய்க்க அவனால் முடியும். அதை ஒரு விசையாகப் பயன்படுத்த இயலுமா?

—

கைத்திறன் எழுதியது:

அளவுகள் தெளிவாக இருக்கின்றன. ஆள்காட்டி, நடுவிரல், கட்டைவிரலுக்கு 45 கிராம் சுவிட்ச் பொருந்தும். மோதிரவிரலுக்கு 35 கிராம்கூடச் சோர்ந்த நிலையில் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே அந்த விரலுக்கு எப்போதாவது தேவைப்படும் மந்திரங்களை மட்டும் கொடுங்கள், அவசரச் சிகிச்சை எதையும் அங்கே வைக்காதீர்கள். ஒன்ஷாட் லேயர்களைக் கட்டைவிரலுக்குக் கொடுக்கும் யோசனை இந்த அளவுகளோடு ஒத்துப்போகிறது. தலை சாய்ப்பதைப் பயன்படுத்தலாம். ஆனால் சுவிட்ச் அவருடைய தலை இயல்பாக ஓய்வெடுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது, வேண்டுமென்றே சாய்த்தால் மட்டும் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். கழுத்துச் சோர்வையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

—

விசைக்கம்மியர் எழுதியது:

தாராளமாக இயலும், செலவும் குறைவு. உடல் இயலாமை உள்ளவர்களுக்கென விற்கப்படும் பெரிய பொத்தான் சுவிட்சுகள் பெரும்பாலும் 3.5 மி.மீ. மோனோ பிளக்கோடு வருகின்றன. 2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரிலும் அதே அளவு துளைகள்தான். அந்தக் கண்ட்ரோலரை வாங்க வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சிறு பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு 3.5 மி.மீ. சாக்கெட்டை எடுத்து, பிளக்கின் நுனி தொடும் இணைப்பைப் பைக்கோவின் ஏதேனும் ஒரு ஜிபிஐஓ (உள்ளீட்டு) முனையிலும், அடிப்பகுதி தொடும் இணைப்பைக் கிரவுண்டு என்று குறித்த முனையிலும் சாலிடர் செய்தால் வயரிங் முடிந்தது. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் கேட்டால்கூடச் செய்து கொடுப்பார்கள்.

ஃபர்ம்வேர் ஏற்றுவதும் எளிது. பைக்கோவில் உள்ள பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே யூஎஸ்பியில் செருகினால் அது பென் டிரைவ் போலக் கணினியில் தோன்றும். யூஎஃப்2 என்ற ஃபர்ம்வேர் கோப்பை அதில் நகலெடுத்தால் தானாகவே மறுதொடக்கம் ஆகி விசைப்பலகையாக மாறிவிடும். தலையால் சுவிட்சைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை மைக் திறந்திருக்க வேண்டுமென்றால் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு தொடுதலில் திறந்து மறு தொடுதலில் மூட வேண்டுமென்றால், பெரும்பாலான குரல் செயலிகளில் மைக்கைத் தட்டித் திறந்து தட்டி மூடும் குறுக்குவிசை ஏற்கெனவே இருக்கும். அதைப் பயன்படுத்தினால் போதும். கழுத்துச் சோர்வை எண்ணினால் இந்த இரண்டாவது முறையே எனக்குச் சரியாகப்படுகிறது.

பைக்கோ தனி விசைப்பலகையாகவே கணினியில் தெரியும். ஆகவே கார்னேயோடு சேர்ந்து இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும், ஒன்றின் லேயர் மற்றொன்றைப் பாதிக்காது. கார்னேயின் இரண்டு பாதிகளையும் என்றாவது இணைத்துப் பயன்படுத்த நேர்ந்தால், மின்சாரம் இருக்கும்போது இடையிலுள்ள கேபிளைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. அந்தக் கேபிளின் பிளக் உள்ளே போகும்போது மின்முனைகள் ஒன்றோடொன்று உரசிச் சில்லு எரிந்துபோகும் வாய்ப்பு உண்டு.

அமைப்பு ஓரளவு நிலைபெற்றதும் வையலிலிருந்து அதை ஒரு கோப்பாகச் சேமித்து மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வையுங்கள். தம்பி ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன் தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமிக்கட்டும். புதிய அமைப்பு பிடிக்காவிட்டால் பழையதை அவரே மவுஸால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். தலைச் சுவிட்சின் வயரை நாற்காலியின் பின்புறச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, பைக்கோவுக்கு அருகில் மட்டும் ஒரு சுற்று தளர்வாக விடுங்கள். நாற்காலியை யாரேனும் திடீரென நகர்த்தினாலும் பிளக் கழன்று வருமே தவிர, அவருடைய தலைப்பக்கம் இழுக்காது.